ஸ்கீ மாறிப்போகாமல் இருக்க எது நல்லது: பூட்டா, வண்ணப் பட்டையா, காப்பறையா?

டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூரில் நம்மவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும்: "அண்ணே, நிசெகோ போறோம், ஸ்கீக்குப் பூட்டு வாங்கணுமா?" நிசெகோ ஜப்பானில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர்; ஸ்கீ என்பது பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகை. உடனே ஒருவர் கேபிள் பூட்டின் படத்தை அனுப்புவார். இன்னொருவர், பொருள் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டும் ஏர்டேக் வில்லை போதும் என்பார். மூன்றாமவர், "ஜப்பான்ல யாரும் எடுக்க மாட்டாங்க, சும்மா இருங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன்னால், எதற்குப் பயப்படுகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்கீ இரண்டு விதமாகக் காணாமல் போகும். ஒருவர் தெரிந்தே தூக்கிக்கொண்டு போவார். இல்லையென்றால், தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போவார். முதலாவதுக்கு உதவும் ஏற்பாடு இரண்டாவதுக்கு உதவாமல் போகலாம், சில சமயம் அதை இன்னும் மோசமாக்கவும் செய்யும். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய சொந்த ஸ்கீயைக் கொண்டுபோகிறவர் திருட்டைப் பற்றி யோசிக்கட்டும். வாடகைக்கு எடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது மாறிப்போவதைத்தான். சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு பனிமலைக்குப் போகிற நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகை. அதனால் பூட்டு வாங்கும் பணத்தில் நல்ல கையுறை வாங்குங்கள் என்றுதான் பலருக்கும் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

வாடகை ஸ்கீ எப்படி மாறுகிறது

வாடகைக் கடைகள் ஒரே மாடலை மொத்தமாக வாங்கிப் போடும். காலா யுசாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் ஷின்கான்சென் ஏறினால் ரயில் நிலையமே பனிச்சறுக்குத் தலத்தின் கட்டடமாக இருக்கும். ஸ்கீ, பூட்ஸ், உடுப்பு எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் மதிய நேரம் உணவுக்கூடத்துக்கு வெளியே போய்ப் பாருங்கள்: ஒரே நிறம், ஒரே படம், சில சென்டிமீட்டர் மட்டும் கூடக் குறைய நீளம் என்று வரிசையாக ஸ்கீ சாய்ந்து நிற்கும். கொரியாவிலும் இதே கதைதான். சியோலிலிருந்து ஒருநாள் சுற்றுலாவாக விவால்டி பார்க்குக்கோ எலிசியன் காங்சொனுக்கோ போனால், பேருந்தில் வந்த அத்தனை பேரும் ஒரே கடையில் வரிசையில் நின்று ஒரே சாமானை வாங்கியிருப்பார்கள்.

இதோடு ஸ்கீயில் இடது, வலது கிடையாது. அதனால் முழு ஜோடி மட்டும் மாறுவதில்லை. உங்களுடையதில் ஒன்றும் பக்கத்தில் இருந்ததில் ஒன்றுமாக யாராவது கொண்டுபோய்விடலாம். அப்புறம் பனி. நிசெகோவில் ஒரு பருவத்துக்குப் பத்து மீட்டருக்கும் மேல் பனி விழும். கொட்டுகிற நாளில் ஒரு கிண்ணம் ராமென் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ரேக்கில் இருப்பது எல்லாம் வெள்ளை. கண்ணாடி மங்கியிருக்கும், விரல் விறைத்திருக்கும், பிள்ளைகள் கழிப்பறைக்கு அவசரப்படுத்துவார்கள். இந்த நிலையில் யாரும் ஸ்கீயின் வாலில் ஒட்டியிருக்கும் வாடகை எண்ணைக் குனிந்து பார்ப்பதில்லை.

மாறினால் என்ன, ரெண்டும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஸ்கீயின் மேல் பூட்ஸைப் பிடித்து வைத்திருக்கும் பைண்டிங், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருகி வைக்கப்படுகிறது. வாடகைப் படிவத்தில் உங்கள் எடை, உயரம், வயது, எவ்வளவு தேர்ந்தவர் என்றெல்லாம் கேட்பது அதற்குத்தான். பூட்ஸின் அடிப்பாக நீளம் மில்லிமீட்டரில் குதிகால் பக்கம் அச்சிடப்பட்டிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டு, விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸ் கழன்றுகொள்ள வேண்டும் என்று கடைக்காரர் தீர்மானிப்பார். இதற்கென்று ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. இன்னொருவரின் ஸ்கீ கைக்கு வந்தால், பூட்ஸ் பொருந்தாமல் போவது நல்ல விஷயம், உடனே தெரிந்துவிடும். பொருந்திவிட்டால்தான் தொல்லை. தொண்ணூறு கிலோ ஆளுக்குத் திருகி வைத்த பைண்டிங்கில் ஐம்பது கிலோ பெண் ஏறினால், விழும்போது அது கழலாது. முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மறுபக்கம், இலகுவாகத் திருகியதில் கனமானவர் ஏறினால் ஓட்டத்தின் நடுவில் தானாகக் கழன்றுவிடும். பிள்ளைகளின் ஸ்கீ மாறினால் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும், ஏனென்றால் சரியில்லை என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

ஆகவே எந்த ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒரு வேலை: ஒவ்வொருவருடைய ஸ்கீயிலும் இருக்கும் வாடகை எண், பைண்டிங்கின் முன்னும் பின்னும் சிறு சாளரத்தில் திருகிய அளவைக் காட்டும் எண், இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். காசு செலவில்லை.

அடையாளம் ஒட்டுவது, ஜோடியைப் பிரிப்பது

இரண்டும் இலவசத்துக்கு அருகில் இருக்கும் வழிகள். இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம், இவற்றில் எது உங்களுக்கு என்பது ஸ்கீ யாருடையது என்பதைப் பொறுத்து மாறும்.

அடையாளத்துக்கு முஸ்தபாவிலோ டைசோவிலோ கிடைக்கும் பளிச்சென்ற வண்ண டேப் போதும். எந்த நிறம் என்பதைவிட எங்கே ஒட்டுகிறோம் என்பது முக்கியம். நிறையப் பேர் ஸ்கீயின் நடுவே, பைண்டிங்குக்கு முன்னால் பெயரை ஒட்டுகிறார்கள். ரேக்கில் நிற்கும்போது அது அடுத்த ஜோடியின் பின்னால் மறைந்துவிடும், இல்லாவிட்டால் பனி மூடிவிடும். முனைக்கு ஒரு சாண் கீழே சுற்றிலும் தெரிகிற மாதிரி மேற்பரப்பில் ஒரு பட்டை, பைண்டிங்கின் பின்பக்க நெம்புகோலில் ஒரு துண்டு ரிப்பன்: இந்த இரண்டும் இருந்தால் பனியைத் தட்டாமலே கண்டுபிடிக்கலாம். அடிப்பாகத்திலும் ஓரத்து எஃகு விளிம்பிலும் எதையும் ஒட்டக் கூடாது. அங்கேதான் ஸ்கீ வழுக்குகிறது. குளிரிலும் ஈரத்திலும் டேப் பிடிக்காது, அதனால் முதல் நாள் மாலையே அறைக்குள் துடைத்து உலர்த்தி ஒட்டிவிடுவது நல்லது. வாடகைச் சாமான் என்பதால் பசை தங்காத காகித டேப்பைத் தேர்ந்தெடுங்கள். அல்லது ஸ்கீ ஜோடியைச் சேர்த்துக் கட்டும் வெல்க்ரோ வார் ஒன்றை நல்ல ஆரஞ்சிலோ பச்சையிலோ வாங்கி, ரேக்கில் வைக்கும்போதெல்லாம் சுற்றிவிடுங்கள். என் ஓட்டு இதற்குத்தான். கட்டியிருக்கும் ஜோடியை அவசரத்தில் அவிழ்த்து எடுக்க வேண்டியிருப்பதால், எடுக்கப் போகிறவர் ஒரு நொடி நிதானித்து "இது என்னுடையதா?" என்று பார்ப்பார். தவறுதலாக எடுப்பவரைத் தடுக்க அந்த ஒரு நொடியே போதும்.

கையில் ஊன்றும் கோலை மறந்துவிடாதீர்கள். கோல்களை எல்லாரும் ஒரே மூலையில் குத்திவிட்டுப் போவதால் ஸ்கீயைவிட இவைதான் சுலபமாக மாறும். விலை குறைவு என்றாலும் நூற்றைந்து சென்டிமீட்டர் கோலுக்குப் பதில் நூற்று இருபதோடு ஒரு மத்தியானம் முழுக்க ஓட்டுவது சுகமான அனுபவம் இல்லை. கைப்பிடியில் ஒரு சுற்று டேப். பூட்ஸும் அப்படியே: விடுதியின் உலர்த்தும் அறையில் ஒரே மாதிரியான கறுப்பு பூட்ஸ் வரிசையாகத் தொங்கும்போது, குதிகாலில் ஒரு வண்ணப் பொட்டு இருந்தால் காலையில் தேடல் மிச்சம்.

அடுத்தது ஜோடியைப் பிரித்து வைப்பது. வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கூட்ட நாளில் போகிறவர் ஒரு செருப்பை இந்த ஓரத்திலும் மற்றதை அந்த ஓரத்திலும் கழற்றுவாரே, அதே தந்திரம்தான். ஒற்றை ஸ்கீ யாருக்கும் உதவாது, அதனால் திருட வந்தவர் முழு ஜோடியாக நிற்கும் அடுத்ததைத் தேடிப் போவார். இருவராகப் போனால் இன்னும் எளிது: உங்களுடையதில் ஒன்றும் மனைவியுடையதில் ஒன்றுமாகச் சேர்த்து இரண்டு பொருந்தாத ஜோடிகளாக்கி வேறு வேறு ரேக்கில் வைத்துவிடலாம். பனிமலைகளில் பழைய ஆட்கள் பலர் பூட்டே வாங்காமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். சொந்த ஸ்கீ வைத்திருப்பவருக்கு மதிய உணவு நேரத்துக்கு இதைவிடச் சிக்கனமான காவல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாடகை ஸ்கீயில் இதைச் செய்யாதீர்கள். சொந்த ஸ்கீ ஒற்றையாக நின்றால் அது தனித்துத் தெரியும். வாடகை ஸ்கீ ஒற்றையாக நின்றால், அதே மாடல் ஐம்பது நிற்கும் ரேக்கில், அது இன்னொருவரின் ஜோடியில் ஒன்றாகத் தோன்றும். அந்த ஒருவர் தன் ஒற்றையோடு உங்கள் ஒற்றையைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டால் பிரச்சினை ஒருவருக்கு இருந்தது இருவருக்கு ஆகிவிடும். ரேக்கை ஒழுங்குபடுத்தும் ஊழியர்கள் ஆளில்லாத ஒற்றையைப் பார்த்தால் எடுத்து உள்ளே வைத்துவிடவும் கூடும். திருடனைக் குழப்பும் வழி நல்லவரையும் குழப்பும். வாடகை என்றால் ஜோடியைச் சேர்த்தே கட்டுங்கள், பட்டை ஒட்டுங்கள், அவ்வளவுதான்.

ஸ்னோபோர்டுக்குப் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அது ஒரே பலகை. பைண்டிங்கும் எந்தக் காலணிக்கும் ஏறக்குறையப் பொருந்திவிடும். கையில் தூக்கியபடி நடந்துபோகலாம். ஸ்னோபோர்டுக்காரர்கள் பூட்டைப் பற்றி யோசிப்பது இதனால்தான்.

பூட்டு யாருக்கு

சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வகை: உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டி, இழுத்தால் நீளும் மெல்லிய எஃகுக் கம்பி, மூன்று அல்லது நான்கு இலக்க எண் பூட்டு. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், எடை தெரியாது. ஆனால் நல்ல வெட்டுக் கருவி உள்ளவருக்கு அந்தக் கம்பி ஒரு விஷயமே இல்லை. அதனால் பூட்டு தடுப்பது கருவியோடு வருகிற திருடரை அல்ல, கண்ணில் பட்டதைக் கை நீட்டி எடுக்கும் ஆளை. பகல் வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடும் உணவுக்கூடத்தின் முன்னால் கம்பி வெட்டிக்கொண்டு நிற்பவர் குறைவு. ஆகவே அந்த இடத்துக்கு இது போதுமானது.

பூட்டின் தொல்லைகள் வாங்கும்போது தெரியாது. கையுறையைக் கழற்றாமல் எண்ணைத் திருக முடியாது. ஈரம் உள்ளே போய் உறைந்தால் சக்கரம் சுழலாது. மூச்சுக்காற்றை ஊதிக்கொண்டு நிற்க வேண்டும். பைண்டிங் வழியாகக் கம்பியை விட்டு ரேக்கின் குறுக்குக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால்தான் பலன். ரேக்கில் கட்டுவதற்கு மூடிய கம்பி இல்லாத இடங்களும் உண்டு. அங்கே நான்கைந்து ஜோடிகளைச் சேர்த்து ஒரே பூட்டால் பிணைத்துவிட்டால், ஒருவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாத சுமையாகிவிடும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் குடும்பத்தில் ஒருவர் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருந்தால், எண் தெரிந்தவர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். எண்ணை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

மாறிப்போவதற்குப் பூட்டு நல்ல மருந்துதானே, பூட்டியதை யாரும் தவறி எடுக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே வேலையை வெல்க்ரோ வார் செய்துவிடுகிறது, எண் மறக்காது, உறையாது. ஒருநாள், இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பவருக்குப் பூட்டு கூடுதல் சுமை. சொந்த ஸ்னோபோர்டுக்காரருக்கு அது அவசியம். சொந்த ஸ்கீ வைத்திருந்து தனியாகப் போகிறவருக்கும் வாங்கச் சொல்வேன். துணைக்கு ஒருவர் இருந்தால் ஜோடியைப் பிரித்து வைப்பதே போதும்.

இரவில் எங்கே வைப்பது

எல்லாரும் மதிய உணவு நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சொந்தச் சாமான் உள்ளவர் அதைவிடக் கவலைப்பட வேண்டியது இரவு. விடுதிக்கு வெளியே வாசல் ரேக்கில், வாடகைக் காரின் மேல், தரைத்தள பால்கனியில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் திருட வருகிறவருக்கு முழு இரவும் கிடைக்கிறது. சிங்கப்பூரில் உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் பழகிய நமக்கு இந்தச் சந்தேகமே எளிதில் வருவதில்லை. குற்றம் குறைவு என்றால் குற்றமே இல்லை என்று ஆகாது என்று வீவக அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழே காவல்துறை ஒட்டிவைக்கும் சுவரொட்டி பனிமலைக்கும் பொருந்தும். ஜப்பான் பாதுகாப்பான நாடு. ஆனால் பெரிய பனிச்சறுக்கு ஊர்களில் பருவகாலத்தில் இருப்பவர்கள் ஜப்பானியர் மட்டுமில்லை, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து போகிறவர்கள்.

இரவுக்கு மூன்று வழி. விடுதியின் ஸ்கீ அறை இலவசம். பூட்ஸை உலர்த்தவும் முடியும். ஆனால் கதவு எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். எல்லா விருந்தினருக்கும் ஒரே எண், அதுவும் பருவம் முழுக்க மாறாத எண் என்றால் அது பூட்டிய அறை என்று சொல்வதற்கில்லை. அங்கேயும் ஜோடியைக் கட்டி, முடிந்தால் பூட்டி வையுங்கள். இரண்டாவது, வாடகைக் கடையிலேயே இரவு விட்டுவிடுவது. மலையடிவாரத்தில் இருக்கும் கடைகளில் பல இதை வாடிக்கையாளருக்கு இலவசமாகச் செய்கின்றன. வாடகைக்கு எடுக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்லது கிடையாது: பிள்ளைகளுடைய ஸ்கீயையும் சேர்த்துத் தோளில் சுமந்துகொண்டு வழுக்கும் சாலையில் நடக்க வேண்டாம், மாறிப்போனால் கடைக்காரரே கண்டுபிடித்துவிடுவார், காலையில் பைண்டிங்கை மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நாள் வாடகையில் சில நூறு யென் வித்தியாசத்தைப் பார்க்காமல் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, ஆள் இருந்து சீட்டுக் கொடுத்து வாங்கி வைக்கும் காப்பறை. அமெரிக்க, கனடியத் தலங்களில் இது பரவலான பழக்கம். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் கட்டணம். ஐரோப்பாவில் மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட் அருகே பூட்ஸை உலர்த்தும் வசதியுடைய உயரமான லாக்கர்களை நாள் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஜப்பானியத் தலங்களில் நாம் பார்க்கும் சாதாரண நாணய லாக்கர் பைக்கும் காலணிக்கும் ஆனது, ஸ்கீ அதில் நிற்காது. ஆள் நிற்கும் காப்பறையின் பலவீனம் நேரம்: மாலை லிஃப்ட் மூடும்போது எல்லாரும் ஒன்றாக வந்து வரிசையில் நிற்பார்கள், சில காப்பறைகள் இரவுச் சறுக்கு முடியும்வரை திறந்திருக்காது. இருந்தாலும் சொந்த ஸ்கீ உள்ளவர் காசு செலவழிக்க விரும்பினால், பூட்டு, ஏர்டேக் எல்லாவற்றுக்கும் முன்னால் இதில் செலவழிக்கட்டும்.

ஏர்டேக்கும் காப்புறுதியும்

இவை இரண்டும் இழப்பு நடந்த பிறகு வேலை செய்பவை. 2021இல் வந்த ஏர்டேக் 8 மில்லிமீட்டர் தடிமன், 11 கிராம் எடை. மைனஸ் 20 டிகிரி வரை இயங்கும் என்று ஆப்பிள் சொல்கிறது, நிசெகோவின் குளிருக்கு அது போதும். அருகில் போகிற ஐஃபோன்கள் வழியாகத்தான் அது தன் இடத்தைச் சொல்லும். ஜப்பானில் ஐஃபோன் நிறையப் பேர் கையில் இருப்பதால் கிராமத்துக்குள் நன்றாக வேலை செய்யும். ஆள் நடமாட்டமில்லாத கிடங்கில் கிடந்தால் மௌனமாகிவிடும். கேலக்ஸி கைப்பேசி வைத்திருப்பவருக்கு ஏர்டேக் உதவாது, ஸ்மார்ட்டேக் வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஸ்கீயின் தட்டையான மேற்பரப்பில் 8 மில்லிமீட்டர் மேடு நன்றாகவே தெரியும். திருடுகிறவர் பிய்த்து எறிந்துவிடலாம். முன்பின் தெரியாத ஏர்டேக் தன்னோடு வருகிறது என்று அவருடைய கைப்பேசியே அவரை எச்சரிக்கவும் செய்யும். எந்த விடுதி என்று தெரிந்தாலும் எந்த அறை என்று தெரியாது. தெரிந்தாலும் நாமாகப் போய்க் கதவைத் தட்டக் கூடாது, காவல்துறையிடம் சொல்ல வேண்டும். ஸ்கீயில் ஒட்டுவதைவிட ஸ்கீ பையின் உள்ளே போட்டு விமானப் பயணத்துக்குப் பயன்படுத்துவதே அதற்குப் பொருத்தமான வேலை.

காப்புறுதியில் சிறு எழுத்தைப் படிக்காமல் யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். பயணக் காப்புறுதிகளில் பரவலாக இருக்கும் ஒரு விலக்கு: பொது இடத்தில் கவனிப்பாரின்றி விட்டுச்சென்ற பொருளுக்கு இழப்பீடு கிடையாது. உணவுக்கூடத்து ரேக் அந்த வகையில் வருமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருக்கும். ஜோடியை ஒரே பொருளாகக் கணக்கிடுவது வழக்கம். பழைய ஸ்கீக்குத் தேய்மானம் கழிப்பார்கள். வாடகைக்கு எடுத்த சாமானுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் அது உங்கள் சொத்து இல்லை. வாடகைக் கடை கூடுதலாகச் சில நூறு யென்னுக்கு விற்கும் பாதுகாப்புத் திட்டம் பெரும்பாலும் உடைவதற்கானது. தொலைந்தால், திருடுபோனால் என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் கையெழுத்துப் போட்டால் முழு விலையையும் கட்ட நேரலாம்.

சொந்த ஸ்கீயைக் கொண்டுபோவதா

இதுவரை சொன்னதைப் படித்தவருக்கு, திருட்டைப் பற்றிய கவலை முழுவதும் சொந்த ஸ்கீயோடு சேர்ந்து வருகிறது என்று தோன்றியிருக்கும். தோன்றினால் சரிதான். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு வாரம் போகிற சிங்கப்பூர்க் குடும்பத்துக்குச் சொந்த ஸ்கீ வேண்டுமா என்ற கேள்வியே இந்த ஒப்பீட்டில் பெரிய முடிவு. பூட்ஸ் வேறு விஷயம். காலுக்கு அமைந்த சொந்த பூட்ஸ் இருந்தால் நாள் முழுவதும் வலியில்லாமல் ஓட்டலாம், அதை யாரும் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் இல்லை. ஸ்கீயை வாடகைக்கு எடுத்து பூட்ஸை மட்டும் வாங்குவது பலருக்கும் சரியான நடுவழி.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: நூற்று அறுபது, எழுபது சென்டிமீட்டர் நீளப் பையை வீவக வீட்டில் பாம் ஷெல்டரில்தான் வைக்க முடியும், அங்கே ஏற்கனவே அரிசி மூட்டையும் பழைய மிதிவண்டியும் இருக்கும். நம்மூர் ஈரப்பதத்தில் எஃகு விளிம்பு துருப்பிடிக்கும். மெழுகு பூசி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைக்க வேண்டும். பழைய பொருள் விற்கும் கெரோசல் செயலியில் ஸ்கீ மலிவாகக் கிடைத்தால், பக்கவாட்டிலோ மேலேயோ பதித்திருக்கும் வரிசை எண் சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வாங்கியபின் அந்த எண்ணையும் ரசீதையும் படம் பிடித்து வைப்பது காப்புறுதிக்கும் காவல்துறைக்கும் தேவைப்படும்.

பயணத்தின்போதும் மாறிப்போவது உண்டு. விமான நிலையத்தில் நீளமான பைகள் தனி இடத்தில் வந்து இறங்கும், பெரும்பாலும் கறுப்பு. கைப்பிடியில் மட்டும் அடையாளம் கட்டாமல் பையின் நடுவில் அகலமான வண்ணப் பட்டையைச் சுற்றிவிடுங்கள். ஜப்பானுக்குள் ரயில், பேருந்து மாறி மாறிப் போகிறவர்கள் யமாத்தோ நிறுவனத்தின் ஸ்கீ தக்யூபின் என்ற பொருள் அனுப்பும் சேவையைப் பயன்படுத்தலாம். 1983இலிருந்து இதைச் செய்கிறார்கள். விமான நிலைய முகப்பில் பையைக் கொடுத்தால் விடுதி வாசலுக்குப் போய்ச்சேரும். போய்ச்சேர ஓரிரு நாள் ஆகும் என்பதால் முதல் நாளே மலையேற நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ரேக்கில் காணவில்லை என்றால்

முதலில் அதே ரேக்கையும் பக்கத்து ரேக்கையும் பனியைத் தட்டித் தட்டிப் பாருங்கள். வைத்த இடத்தை நாமே மறந்திருப்பது சாதாரணம். அங்கேயும் இல்லை, ஆனால் உங்களுடையதைப் போலவே இன்னொரு ஜோடி யாரும் தொடாமல் நிற்கிறது என்றால் ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது: அது உங்கள் ஸ்கீயை எடுத்துக்கொண்டு போனவருடையது. கோபத்தில் அதை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். பைண்டிங் உங்களுக்கானது அல்ல, அவர் திரும்பி வந்து தேடினால் அவருக்கும் கிடைக்காது. அதில் ஒட்டியிருக்கும் வாடகை எண்ணைப் படம் பிடித்துக் கடைக்குச் சொல்லுங்கள். யாருக்குக் கொடுத்த ஸ்கீ என்று அவர்கள் பதிவில் இருக்கும், கைப்பேசி எண்ணும் இருக்கும். ஒரு அழைப்பில் முடிந்துவிடலாம். அவர் அழைப்பை எடுக்கவில்லை என்றாலும், மாலையில் திருப்பிக் கொடுக்க வரும்போது எண் பொருந்தாமல் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். அதுவரை கடையில் வேறு ஜோடி கேட்டு, பைண்டிங்கை உங்களுக்குத் திருகச் சொல்லி வாங்கிக்கொண்டு மிச்சப் பொழுதை அனுபவியுங்கள்.

சொந்த ஸ்கீ என்றால் லிஃப்ட் மூடும்வரை பார்த்துவிட்டு, தலத்தின் தொலைந்த பொருள் முகப்பில் பதிந்து, அன்றே காவல்துறைக்குப் போங்கள். நிசெகோ பக்கம் என்றால் குச்சான் காவல் நிலையம். வரிசை எண்ணும் படமும் கையில் இருந்தால் மொழி தெரியாமலேயே பாதி வேலை ஆகிவிடும், மீதிக்கு விடுதி முகப்பில் இருப்பவரைக் கூட வரச் சொல்லிக் கேட்கலாம். புகார் கொடுத்ததும் பதிவு எண் கிடைக்கும். காப்புறுதி நிறுவனம் எழுத்துச் சான்று கேட்கும் என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்துக்குள் புகார் என்று பல பாலிசிகள் கேட்கின்றன, சாங்கியில் இறங்கியபின் கொடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தக் கணக்கு முடிந்துபோகும்.